ஜைத்தூன் பீவியின் சன்னல் புத்தகங்கள்

காலையில் எழுந்ததும் கையைக் கூப்பியோ ஏந்தியோ நீங்கள் முணுமுணுக்கிற அந்த நாலு வரிக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்ல உங்களால் முடியுமா? வடமொழியோ, அரபியோ, லத்தீனோ, எதுவாகவும் இருக்கட்டும். நம்பிக்கை இருந்தால் போதும், அர்த்தம் எதற்கு என்று நழுவாதீர்கள். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். பிள்ளையின் வாயில் ஏற்றும் சொல்லை மட்டும் ஏன் திருப்பிப் பார்ப்பதில்லை?

இந்தக் கேள்வியை ஒரு பெண் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். அவள் பெரிய படிப்பு படித்தவளும் அல்ல, மேடையேறிப் பேசியவளும் அல்ல. கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நெல் விளைந்த நிலத்தில் கொட்டகைகள் முளைக்கத் தொடங்கிய எழுபதுகளில், ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை தடவிக்கொண்டிருந்தவள். பெயர் ஜைத்தூன் பீவி. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாது. வைத்தவர்களுக்கும் தெரியாது.

ஆனால் அரபி எழுத்து அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஐந்து வயதில் ஓத உட்கார்ந்தவள், பத்து வயதில் முழு வேதத்தையும் ஓதி முடித்து, அன்றைக்கே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள். பெண் பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேல் என்ன ஓதல் என்பது ஊர்ச் சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். கல்யாணமாகி, கணவன் மீரான் லாரியோடு நெல்லூருக்கும் விஜயவாடாவுக்கும் போய் வந்துகொண்டிருக்க, அவள் காலை ஏழு மணிவரை தெருவின் சிறுமிகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு எட்டு மணி சங்குக்குக் கம்பெனிக்கு ஓடுவாள். சிறுமிகளுக்கு அவள் உஸ்தாபி. கம்பெனியில் மூன்றாம் மேசை.

எழுபத்து நான்கில் அந்தக் கம்பெனிக்கு வளைகுடா நாட்டுக்குப் போகும் சரக்குக்கான பெட்டி ஆர்டர் வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் அரபி அச்சிட்ட அட்டைகள் கட்டுக் கட்டாக இறங்கின. கட்டைப் பிரிக்கும்போது ஓர் அட்டை நழுவித் தரையில் விழுந்தது. ஜைத்தூன் பதறிப்போனாள். அரபி எழுத்து மண்ணில் படலாமா? பாய்ந்து எடுத்து, முத்தமிட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அவள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

பக்கத்து மேசை கெங்கம்மாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கவரப்பேட்டைப் பக்கம் இரண்டு காணி நெல் நிலம் உள்ள குடும்பத்துப் பெண். வாயும் பெரிது, மனசும் பெரிது.

"இன்னா ஜைத்தூனு, பொட்டிய கண்ணுல ஒத்திக்கிற? இன்னா எழுதிக்கிது அதுல?"

ஜைத்தூன் எழுத்துக்கூட்டித் தங்குதடையின்றிப் படித்தாள். ராகம்கூட வந்தது.

"நல்லாத்தான் கீது. அர்த்தம் சொல்லு."

"அர்த்தமா? அது... நல்ல வார்த்தையாத்தான் இருக்கும்க்கா."

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் தேவராஜன் அந்தப் பக்கம் வந்தார். திருவள்ளூர்க்காரர், வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கோவில் கைங்கர்யத்தில் இருந்தவர்கள். அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அட்டை வெட்டும் யந்திரத்தோடு வாழ வந்துவிட்டார். பெட்டியைத் திருப்பி ஆங்கிலத்தைப் பார்த்தார்.

"இதுவாம்மா? 'இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். தண்ணீர் படாமல் வைக்கவும்.' அவ்வளவுதான்."

கெங்கம்மாள் சிரித்த சிரிப்பில் பசை வாளி கவிழ்ந்தது. "தண்ணி படாம வைக்கச் சொன்னா, நீ எச்சி பட முத்தம் குடுத்துட்டியேடி!"

ஜைத்தூனும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கியபின் அவளுக்குள் ஒன்று அடங்கவில்லை. முப்பது வருஷமாக ஓதுகிறவள், பெட்டியில் எழுதிய ஒரு வரி புரியாமல் கண்ணில் ஒற்றியிருக்கிறாள். அப்படியென்றால் இதுவரை ஓதியதில் எந்த வரி புரிந்தது? தெருவின் இருபத்திரண்டு சிறுமிகளுக்குத் தான் கொடுத்துக்கொண்டிருப்பது என்ன, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியா?

சாப்பாட்டு வேளையில் தேவராஜன் அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "மனசுல வெச்சுக்காதேம்மா. நானும் அப்படித்தான். எட்டு வயசுலேர்ந்து மணிக்கணக்கா ஒப்பிச்சேன். ஒருநாள் இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். முதுகுல விழுந்த அடிதான் பதில். அன்னிக்கே தீர்மானம் பண்ணிட்டேன், அர்த்தம் கேட்டா அடிக்காத உத்தியோகத்துக்குத்தான் போறதுன்னு."

பழவேற்காட்டில் ஜைத்தூனின் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு கைப்பிரதி கிடந்தது. ஒவ்வோர் அரபிச் சொல்லுக்கும் கீழே, அரபி எழுத்திலேயே தமிழ்ப் பொருள். அந்தக் காலத்துக் கடற்கரை மரைக்காயர் யாரோ எழுதி வைத்தது. செல்லரித்த பக்கங்களை யாரும் திறப்பதில்லை. பெருநாளுக்குப் பெருநாள் சாம்பிராணி மட்டும் காட்டுவார்கள். ஜைத்தூன் ஐந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், வீணான பெட்டி லேபிள்களின் பின்புறத்தில் அறுநூறு சொற்களைப் பெயர்த்து எழுதி வந்தாள். சாம்பிராணி காட்டியவர்கள் எல்லாம் அவளைப் பைத்தியம் என்றார்கள். புத்தகத்தைத் திறந்தவள் பைத்தியம், திறக்காதவர்கள் தெளிந்தவர்கள்! நம் நாட்டு நியாயம் அப்படி.

சொற்கள் கிடைத்துவிட்டன. ஆனால் பழைய முறையில் அவற்றையும் மனப்பாடம் செய்யவைத்தால் என்ன பயன்? கிளிக்கு இன்னும் அறுநூறு சொல் தெரியும், அவ்வளவுதானே. சிறுமி தன் கையால் ஒன்றைச் செய்ய வேண்டும், செய்யும்போது பொருள் வந்து முன்னால் நிற்க வேண்டும். அதற்கு வழி அவள் மேசையிலேயே கிடந்தது. மடிப்பு, வெட்டு, செருகுநாக்கு, திறக்கும் மூடி. பெட்டி செய்கிறவளுக்கு இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்?

வெட்டுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளத் தேவராஜன் அனுமதி கொடுத்தார். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் கலந்து தந்தார். எங்கே மடிப்புக்கோடு போட்டால் ஆயிரம் முறை திறந்தாலும் கிழியாது என்று காட்டினார். படம் வரைந்தது கெங்கம்மாள். கோலமாவு பிடித்த கை, பென்சிலைப் பிடித்ததும் மாடு, ஒட்டகம், சூரியன் எல்லாம் வந்தன. ஒட்டகத்தை அவள் பார்த்ததில்லை. "மாட்டுக்கு முதுகுல சோளவரம் ஏரிக்கரைய வெச்சிட்டேன்," என்றாள். பார்த்தவர்கள் ஒட்டகம் என்றே சொன்னார்கள்.

முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கதவு. மேலே 'பாப்' என்று அரபியில். சிறுமி தட்டித் திறக்க வேண்டும். உள்ளே வீடு, 'பைத்'. அடுத்து ஒரு சக்கரம். சுழற்றினால் சன்னலில் ஒருமுறை சூரியன் வரும், 'ஷம்ஸ்'. ஒருமுறை நிலா, 'கமர்'. மூன்றாவதில் ஒரு மரம்; மரத்தைப் பிடித்து மேலே இழுத்தால் அடியிலிருந்து வேர் வரும், 'அஸ்ல்'. "அசல்னு சொல்றோமே, அந்த அசல்தான். வேரைத்தான் அசல்ங்கிறோம்," என்று ஜைத்தூன் சொன்னபோது சிறுமிகளின் வாய் பிளந்தது. நான்காவது பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும். ஆவலோடு மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும்: 'காலி'.

"ஏண்டி, காலின்றது நம்ம பேச்சாச்சே!" என்றாள் கெங்கம்மாள்.

"அரபிப் பேச்சுக்கா. நீ பொறந்ததுலேர்ந்து அரபி பேசிக்கினு கீற."

"அப்பிடிப் போடு! எங்க ஊட்டுக்காரு தெனம் கள்ளுக்குடத்தைக் காலி பண்ணிட்டு வந்து அரபியிலதான் பேசறாரு!"

புத்தகங்களுக்குச் சிறுமிகளே பெயர் வைத்தார்கள். சன்னல் புத்தகம். வேதத்தின் ஒரு வரியையும் ஜைத்தூன் வெட்டவில்லை, ஒட்டவில்லை. சொற்களை மட்டும்தான் எடுத்தாள். இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு புத்தகம் ஆனது. ஓதல் முடிந்ததும் அரைமணி நேரம் சன்னல் திறக்கும் வேளை. அதற்காகவே சிறுமிகள் விடிந்ததும் வந்தார்கள். பத்து வயதில் நிறுத்தப்பட வேண்டிய மூன்று பெண்கள், தங்கையை அழைத்துவரும் சாக்கில் பதினொன்றிலும் வந்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் ஜைத்தூன் பெருமையாக நினைத்தாள், புத்தகத்தை அல்ல.

இப்போது பதினேழாவது புத்தகத்துக்கு வருவோம்.

கைப்பிரதியில் அவளை மூன்று நாள் தூங்கவிடாத ஓர் இடம் இருந்தது. 'கல்பு' என்ற சொல் இரண்டு முறை வந்தது. ஓரிடத்தில் 'நெஞ்சு' என்று பொருள். இன்னோரிடத்தில் 'நாய்'. எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் தவறிவிட்டார் என்றே நினைத்தாள். ஏனென்றால் கல்பு என்றால் நெஞ்சு, அது எல்லோருக்கும் தெரியும். 'கல்பு உருகுது', 'கல்புல கை வெச்சு சொல்லு' என்று தினமும் பேசுகிற சொல். நாலாம் நாள் பழவேற்காட்டுக்கே திரும்பிப் போய், இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் எழுத்து வேறு! வாயால் சொல்லிக்கொண்டே பெயர்த்தவள் இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதி வந்திருந்தாள். நெஞ்சுக்கு வருவது அடித்தொண்டையில் பிறக்கும் காஃப். நாய்க்கு வருவது நாக்கில் பிறக்கும் சாதாரண காஃப். மற்ற இரண்டு எழுத்தும் ஒன்றே. தமிழ் நாக்குக்கு இருப்பது ஒரே 'க'. நெஞ்சைச் சொல்லும்போதும் நாயைச் சொல்லும்போதும் வாய் ஒரே சொல்லைத்தான் சொல்கிறது. முப்பது வருஷமாக 'என் கல்பைச் சுத்தமாக்கு இறைவனே' என்று அவள் கேட்டதெல்லாம் என்னவென்று இப்போது புரிந்தது.

உட்கார்ந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அட்டையை எடுத்தாள்.

பக்கத்தின் நடுவில் மாறாத இரண்டு எழுத்து. முன்னால் ஒரு சின்னச் சன்னல், மேலே ஒரு பெரிய சன்னல். உள்ளே ஓர் இழுப்பு அட்டை. உள்ளே தள்ளியிருந்தால் சின்னச் சன்னலில் நாக்குக் காஃப், பெரிய சன்னலில் தொழிற்பேட்டைத் தெருநாய். ஒற்றைக் காது மடிந்தது, கெங்கம்மாள் தினம் பார்க்கிற அதே நாய். அட்டையை இழுத்தால் எழுத்து மாறித் தொண்டைக் காஃப் வரும், நாய் ஓடிவிடும், அந்த இடத்தில் வெற்றிலை வடிவில் ஒரு சிவந்த நெஞ்சு. ஒரு விரல் அகலம் இழுப்பு, அவ்வளவுதான் நாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே. இதைவிட நன்றாக யாரால் பாடம் நடத்த முடியும்?

அந்தப் புத்தகம் பல்கீஸ் என்ற ஏழு வயதுச் சிறுமிக்கு மிகவும் பிடித்துப்போனது. பல்கீஸின் தகப்பன் மதார்ஷா, விறகுத்தொட்டி முதலாளி, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி. ஊரில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுக்கு முன் வீட்டில் விருந்தாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருக்க, மதார்ஷா கையேந்தி உரக்க வேண்டினார்: "யா அல்லாஹ், என் கல்பைக் கழுவிச் சுத்தமாக்கு!"

பல்கீஸ் கிளுக்கென்று சிரித்தாள். "அத்தா, நாயை ஏன் கழுவச் சொல்றீங்க?"

விருந்தாளிகளில் ஒருவருக்குப் புரையேறியது. மதார்ஷாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜைத்தூன் பீவி புத்தகங்களோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டும் என்று ஆள் வந்தது. கல்பு என்றால் நாய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாளாம். இனி அவள் ஓதிக்கொடுக்கக் கூடாதாம். அரபி எழுத்து இருப்பதால் புத்தகங்களைக் குப்பையில் போடவோ எரிக்கவோ முடியாது. ஆகவே கிழிந்த ஏடுகளை மரியாதையாக இறக்கும் பழங்கிணற்றில் அவற்றையும் இறக்கிவிடுவார்களாம். பாருங்கள், அறிவைக் கொல்வதிலும் எவ்வளவு மரியாதை!

முப்பத்தொரு புத்தகத்தையும் ஜைத்தூன் கோணியில் போட்டுக் கட்டினாள். அட்டையை மறுபடி வெட்டலாம். ஆனால் தங்கையைச் சாக்கு வைத்து வருகிற அந்த மூன்று பெண்கள்? கதவு ஒருமுறை சாத்தினால் அவர்களுக்கு மறுபடி யார் திறப்பார்கள்?

"நானும் வர்றேன்," என்றாள் கெங்கம்மாள்.

"நீ எதுக்குக்கா? உனக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"நாயை வரைஞ்சவ நான். குத்தவாளி நானாச்சே."

வெளிக்கதவோரம் கெங்கம்மாள் நின்றுகொண்டாள். கைகால் கழுவும் தொட்டிப் பக்கம் ஜைத்தூன் நின்றாள்; அதற்கு மேல் பெண்ணுக்கு இடமில்லை. உள்கூடத்துப் படியில் மதார்ஷாவும் கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும். அவர்களுக்குச் சற்றுப் பின்னால், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத். வாணியம்பாடியில் பன்னிரண்டு வருஷம் அரபி படித்துப் பட்டம் வாங்கியவர். பல்கீஸ் அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஜைத்தூனு," என்று தொடங்கினார் மதார்ஷா. "நீ ஓதிக்குடுக்கிறியா, பொம்மலாட்டம் காட்றியா?"

"ரெண்டும்தான் மாமு. காட்டினாத்தான் புள்ளைங்களுக்குப் புரியுது."

"அரபி எழுத்துக்குப் பக்கத்துல நாய் படம்!" என்று கமிட்டிக்காரர் ஒருவர் தொடையில் தட்டினார். "பொட்டி ஒட்றவளை உஸ்தாபின்னு கூப்பிட்டா இப்பிடித்தான் ஆவும்."

"அரபி நாட்டுலயும் நாய் இருக்குது மாமு. அவங்க அதை அரபியிலதானே கூப்பிடணும்?"

கதவோரம் கெங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மதார்ஷாவின் முகம் சிவந்தது. "நாக்கை அடக்கு. அப்போ நான் நாப்பது வருஷமா நாயைக் கழுவச் சொல்லிக்கினு இருந்தேனா? பெரிய மனுசனைப் பார்த்து புள்ளை சிரிக்கிற அளவுக்குப் பண்ணி வெச்சிருக்க!"

இந்த இடத்தில் ஜைத்தூன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலைகுனிந்து அழுதிருந்தால் புத்தகம் கிணற்றுக்குப் போயிருக்கும், அவள் கம்பெனிக்குப் போயிருப்பாள். வெள்ளிக்கிழமை பிரியாணி ஆறுவதற்குள் ஊர் மறந்திருக்கும். அவள் அழவில்லை.

"நானும்தான் மாமு," என்றாள். "முப்பது வருஷமா நானும் அதே நாயைத்தான் கழுவிக்கினு இருந்தேன். நம்ம ரெண்டு பேர் மட்டும் இல்ல, இந்த ஊரே கழுவிச்சு. பாப்பா சிரிச்சது தப்பு. ஆனா பாப்பா பொய் சொல்லலை. நான் விளக்க வேணாம், நீங்களே இழுத்துப் பாருங்க."

கோணியிலிருந்து பதினேழாவது புத்தகத்தை எடுத்துப் பல்கீஸிடம் நீட்டினாள். சிறுமி ஓடிவந்து வாங்கி அத்தாவின் மடியில் வைத்தாள். விறகு பிளந்து பிளந்து காய்த்துப்போன பெரிய கட்டைவிரலால் மதார்ஷா இழுப்பு அட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

நாய் போயிற்று. நெஞ்சு வந்தது.

உள்ளே தள்ளினார். நாய் வந்தது.

மறுபடி இழுத்தார். இந்த முறை அவர் கண் படத்தில் இல்லை, எழுத்தில் இருந்தது. மதார்ஷாவுக்கும் எழுத்து தெரியும். எழுத்து வேறு என்பது அவருக்கு நேற்றும் தெரிந்திருக்க வேண்டும். வாய் வேறுபடுத்தவில்லை என்பதைத்தான் யாரும் சொன்னதில்லை.

தலையைத் திருப்பினார். "ஹஜ்ரத், இது சரியா?"

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். பன்னிரண்டு வருஷப் படிப்பு அந்த ஒரு நிமிஷம் மூச்சு வாங்கியது. "சரிதான்," என்றார். "அந்தம்மா ஒரு புள்ளிகூடத் தப்பா எழுதலை."

"அப்போ நீங்க ஏன் இத்தினி வருஷமா எனக்குச் சொல்லலை? தெனம் உங்க பக்கத்துலதானே துஆ கேக்கறேன்?"

"நீங்க கேக்கலை."

"கேக்கலைன்னா சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா," என்று ஹஜ்ரத் தரையைப் பார்த்தார், "அடுத்த நாள் உங்க ஊட்டுலேர்ந்து எனக்குச் சோறு வந்திருக்குமான்னு தெரியலை."

இந்த வரியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பொருள் தெரிந்தவன் வயிற்றுக்காக வாயை மூடுகிறான். பொருள் தெரியாதவன் அதிகாரத்தால் வாயைத் திறக்கிறான். இந்த இரண்டு பேருக்கும் நடுவேதான் எல்லா மதத்திலும் எல்லா மொழியிலும் பிள்ளைகள் உட்கார்ந்து தலையாட்டி ஒப்பிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் வயிற்றுக்கும் அதிகாரத்துக்கும் பயப்படாமல் நின்றது தொட்டியோரம் நின்ற ஓர் அட்டைப்பெட்டித் தொழிலாளி மட்டும்தான்.

மதார்ஷாவை நான் நல்லவராக்கவும் விரும்பவில்லை, கெட்டவராக்கவும் விரும்பவில்லை. அன்றைக்கு அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கத்தான் வேண்டும். மகளைப் பார்த்துக் கேட்டார்: "எங்க, நீ சொல்லு. நெஞ்சை எப்பிடிச் சொல்லணும்?"

பல்கீஸ் சொன்னாள். அடித்தொண்டையிலிருந்து சுத்தமாக வந்தது.

"எனக்கு வராது போல."

"வரும் அத்தா. மீன்முள்ளு மாட்டிக்கினா எப்பிடிக் கக்குவீங்க? அந்த எடத்துலேர்ந்து."

முத்தவல்லி மதார்ஷா, ஊர்ப் பெரியவர், ஆறு கமிட்டிக்காரர்கள் பார்த்திருக்க, மீன்முள்ளைக் கக்குவதுபோல ஒரு சத்தம் போட்டார். இரண்டாவது முறை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தபோது முதலில் சிரித்தவர் ஹஜ்ரத்தான். பிறகு எல்லோரும். கதவோரத்திலிருந்து கெங்கம்மாளின் குரல் கேட்டது: "நைனா, இப்பத்தான் நாய் ஓடிச்சு!"

"கோணியைக் கிணத்துக்குக் கொண்டு போவ வேணாம்," என்றார் மதார்ஷா. "ஆம்பளைப் பசங்களுக்கும் இந்தப் புத்தகம் வேணும். எத்தினி செய்ய முடியும்?"

"எத்தினி வேணும்னாலும் செய்றேன் மாமு. ஆனா ஒண்ணு."

"இன்னா?"

"பொட்டப்புள்ளைங்களைப் பத்து வயசுல நிறுத்தக் கூடாது. பாப்பாவுக்கும் மூணு வருஷத்துல பத்தாவும். அப்போ உங்களுக்கு யாரு சொல்லித் தருவாங்க?"

தொடையில் தட்டிய கமிட்டிக்காரர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் மதார்ஷாவைப் பார்த்தார்கள். மதார்ஷா கையிலிருந்த இழுப்பு அட்டையைப் பார்த்தார். உள்ளே தள்ளவில்லை, நெஞ்சு தெரியும்படியே மூடினார்.

"ஓதட்டும்," என்றார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போனவர் தன் பெண்ணை அனுப்பவே இல்லை. படம் கூடாது என்று இரண்டு வீட்டார் சன்னலுக்கு மேல் தாள் ஒட்டினார்கள். பிள்ளைகள் தாளையும் திறந்து பார்த்தார்கள். பள்ளிவாசலுக்குள் பெண் நடத்தும் வகுப்புக்கு இடமில்லை என்றதும், வார விடுமுறை நாளில் கம்பெனியின் சைக்கிள் கொட்டகையைத் தேவராஜன் திறந்துவிட்டார். அங்கே சாதிமத வாசற்படி இல்லாததால் வேறு ஆட்களும் வந்தார்கள். எழுபத்தேழில் குவைத்துக்குப் போக விசா வந்த வெல்டர் தணிகாசலம், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முட்டியை மடக்கி உட்கார்ந்து, கதவைத் தட்டித் திறந்து 'பாப்' என்று கற்றான். காலிப் பெட்டியைத் திறந்ததும், "அட, இது எனக்குத் தெரியுமே!" என்று கத்தினான்.

அந்தத் தணிகாசலம்தான் அடுத்த வருஷம் விடுமுறையில் வந்தபோது ஒரு கண்ணாடி ஜாடியை ஜைத்தூனிடம் நீட்டினான். உள்ளே உப்புநீரில் பச்சைப் பச்சையாகக் காய்கள்.

"உஸ்தாபி, இது யாருன்னு சொல்லுங்க?"

ஜாடியின் மேலிருந்த அரபியை அவள் படித்தாள். ஜைத்தூன். அவள் பெயர்; ஆலிவ் என்கிறோமே, அந்தக் காய். இருபத்து மூன்றாவது புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு மேலிருந்த சன்னல் அதுவரை வெறுமையாகவே இருந்தது. மரத்தில் காய்க்கும் ஏதோ காய் என்று கைப்பிரதி சொன்னது. வடிவம் தெரியாமல் கெங்கம்மாளால் வரைய முடியவில்லை.

ஒரு காயை எடுத்துக் கடித்தாள். முகம் சுளித்தது.

"எப்பிடிடி கீது?" என்றாள் கெங்கம்மாள்.

"கசப்பும் உப்புமா கீது." மென்று விழுங்கிவிட்டு ஜைத்தூன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆனா ஜாடில ஒரு வருஷமானாலும் கெட்டுப்போவாதாம்."

"அப்போ நீதான். சந்தேகமே இல்ல," என்று சொல்லிப் பென்சிலை எடுத்தாள் கெங்கம்மாள். அன்று வெறுஞ்சன்னல் நிறைந்தது. பக்கத்தில் நின்று பார்த்த பல்கீஸுக்கு அப்போது ஒன்பது வயது. பத்து முடிந்தும் அவள் நிற்கவில்லை. பதினாறு வயதில் அதே கொட்டகையில் சிறுபிள்ளைகளுக்குச் சன்னல் திறந்துகாட்டினாள்.

இனி உங்கள் முறை. நாளைக் காலையில் உங்கள் வீட்டுப் பிள்ளை எதையாவது கண்ணை மூடி ஒப்பித்தால் நடுவில் நிறுத்துங்கள். எந்த மதத்து வரியானாலும் சரி, பள்ளிக்கூடத்துச் செய்யுளானாலும் சரி. ஒரு சொல்லைத் தொட்டு, இதற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள், தேடிக் கண்டுபிடியுங்கள். பிறகு வீட்டில் காலியாகக் கிடக்கும் ஓர் அட்டைப்பெட்டியை எடுங்கள். அதில் ஒரு சன்னல் வெட்டுங்கள். பொருளை உள்ளே வையுங்கள். திறக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.